ஐந்து நாளாக வெளிக்குப் போகாத திம்மராயன்

பிரசவக் கதை சொல்லுங்கள் என்றுதான் உங்கள் மேலதிகாரி என்னை அழைத்தார். இரட்டைப் பிள்ளை, தலை திரும்பாத பிள்ளை, மாட்டு வண்டியிலேயே பிறந்த பிள்ளை என்று அதற்கெல்லாம் என்னிடம் பஞ்சமில்லை. ஆனால் நர்ஸ் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் முகங்களைப் பார்த்ததும் அவற்றை மூட்டை கட்டி வைத்துவிட்டேன். ஒரு குழந்தை வெளிக்குப் போன கதையைச் சொல்லப் போகிறேன். சிரிக்கிறவர்கள் சிரியுங்கள், நானும் சிரித்துக்கொண்டேதான் சொல்வேன். என் சர்வீஸில் கைகால் உதறிப்போன நாள் என்று ஒன்று உண்டென்றால் அதுதான். சின்னப் பிள்ளை போலக் குதித்த நாளும் அதற்கு அடுத்த நாள்தான்.

ஐம்பதுகளின் பிற்பகுதி. கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் அணை எழும்பிக்கொண்டிருந்த காலம். எனக்கு இருபத்து நான்கு வயது. ஊத்தங்கரைப் பக்கத்து மானாவாரிக் கிராமத்தில் பிறந்து, மருத்துவச்சிப் பயிற்சி முடித்து வந்தவள். அணைக்கு மூன்று மைல் தள்ளி இருந்த ஊரில் தாய்சேய் நல நிலையம் என் பொறுப்பில் இருந்தது. நிலையம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். ஓட்டு வீடு ஒன்று, மேசை ஒன்று, பாதி காலியான மருந்து அலமாரி ஒன்று, நான் ஒருத்தி, அவ்வளவுதான். மண் சுமக்கவும் கல் உடைக்கவும் வந்த குடும்பங்கள் அணையோரம் ஓலைக் குடிசை போட்டுத் தங்கியிருந்தன. தமிழில் தொடங்கும் பேச்சு அங்கே தெலுங்கில் நடந்து கன்னடத்தில் முடியும். நான் மூன்றிலும் அதட்டக் கற்றுக்கொண்டேன்.

அதட்டல்தான், வேறு நல்ல வார்த்தை போட்டுச் சொல்ல விருப்பமில்லை. வெள்ளைப் புடவையும் தோல் பையுமாக நான் குடிசை வரிசைக்குள் நுழைந்தால் பெண்கள் எழுந்து நிற்பார்கள். தண்ணீரைக் கொதிக்க வை என்றால் கொதிக்க வைத்தார்கள். நகத்தை வெட்டு என்றால் நின்ற இடத்திலேயே வெட்டினார்கள். ஏன், எதற்கு என்று ஒருத்தியும் கேட்டதில்லை. அது என் திறமை என்று நினைத்துக்கொண்டு திரிந்தேன். கர்வம் தலைக்கேறியிருந்தது, மறைப்பானேன்.

பங்குனி மாதம் ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். கல் உடைக்கிற கிருஷ்ணப்பா வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்து வாசலில் நின்றார். சட்டையெல்லாம் கல் தூசி.

"நர்ஸம்மா, கொஞ்சம் வரணுமுங்க. பையன் திம்மராயன் அஞ்சு நாளா வெளிக்கிப் போவலீங்க. ஒரே கத்து. எங்கக்கா நாளைக்கி வெடிகாலையில பேதி மாத்திர குடுத்துடறேன்னு சொல்லிடுச்சு. எம் பொண்டாட்டி வேணாம்னு அழுவுறா."

"என்ன மாத்திர?"

"நேர்வாளமுங்க. சந்தையில ஒருத்தரு குடுத்தாராம்."

நேர்வாளம் என்றால் உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது. ஒரு கொட்டை. பதம் தவறினால், திடமான ஆம்பிளையையே பத்துப் பதினைந்து தடவை ஓட வைத்துப் பாயில் போட்டுவிடும். அந்தக் காலத்தில் வருடத்துக்கு ஒரு தடவை பேதிக்குச் சாப்பிடுவது வழக்கம். முந்தின நாள் இரவு பட்டினி, விடிகாலையில் வெறும் வயிற்றில் மருந்து. பெரியவர்களே அதில் துவண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். திம்மராயனுக்கு வயது ஒன்றே முக்கால். அவன் உடம்பில் இருக்கிற தண்ணீர் எவ்வளவு? பையை எடுத்துக்கொண்டு அவரோடு ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

குடிசை வாசலில் கிருஷ்ணப்பாவின் அக்கா சென்னம்மா உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கும், வாட்டசாட்டமான மனுஷி. அந்தக் குடும்பத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். மாத்திரை அவர் முந்தானை முடிச்சில் இருந்தது. பேசும்போதெல்லாம் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிள்ளையின் அம்மா நாகம்மா, இருபது வயதுகூட ஆகாதவள், அழுது வீங்கிய முகத்தோடு மூலையில் நின்றாள். திம்மராயன் கயிற்றுக் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலோடு ஒரு காலைப் பின்னி, முகம் சிவக்க விறைத்து நின்றான். வருகிறது, அவன் விடவில்லை. பார்த்த மாத்திரத்தில் புரிந்தது.

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். சுற்றி நாலு பேர் கத்தும்போது முதலில் எதைப் பார்ப்பது என்பதுதான் நம் வேலை. வாந்தி எடுத்தானா? இல்லை. காய்ச்சல்? இல்லை. வயிறு தவில் போல உப்பியிருக்கிறதா? இல்லை, தொட்டால் இளகியே இருந்தது, இடப்பக்கம் மட்டும் கட்டி கட்டியாகக் கையில் தட்டுப்பட்டது. நான் வயிற்றை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பையன் சத்தமாகக் காற்று விட்டான். கிருஷ்ணப்பாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. எனக்கோ போன உயிர் திரும்பி வந்தது. காற்று வெளியேறுகிறது என்றால் குடல் அடைபடவில்லை. பச்சையாக வாந்தி எடுத்திருந்தாலோ வயிறு உப்பியிருந்தாலோ அந்த நிமிடமே பஸ்ஸை மறித்துக் கிருஷ்ணகிரி பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருப்பேன். இன்றைக்கும் அதுதான் முறை, மாற்றமில்லை.

பின்பக்கம் பார்த்தேன். ஆசனவாயில் சின்ன வெடிப்பு, காய்ந்த ரத்தக் கோடு. பாவம், என்றோ ஒரு நாள் கல் போல வந்து கிழித்திருக்கிறது. அந்த வலிக்குப் பயந்து அடக்குகிறான். அடக்க அடக்க இறுகுகிறது, இறுக இறுகப் பயம் கூடுகிறது. சோப்புத் துண்டைச் செதுக்கி வைக்கலாமா என்று கிருஷ்ணப்பா கேட்டார். புண்ணில் சோப்பை வைத்தால் பிள்ளை ஜென்மத்துக்கும் உட்கார மாட்டான் என்று சொல்லி அவர் வாயை அடைத்தேன்.

அப்புறம்தான் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன்.

"நாகம்மா, பையனுக்குத் திங்க என்ன குடுக்கற?"

அவள் முகம் முதல் தடவையாகத் தெளிந்தது. பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி சொன்னாள்.

"நீங்க சொன்னதேதாங்க நர்ஸம்மா. காத்தால எரும பாலுல மாசிக்காய ஒரசிக் குடுக்கறேன். சாயங்காலமும் அதே மாதிரி. சோறு, வாழக்காய். பழத்தயும் கீரயயும் கண்ணுல காட்டல. தண்ணியும் கொதிக்க வெச்சு ஆத்தின தண்ணிதான். காத்தால ஒரு டம்ளரு காச்சி மூடி வெச்சிட்டு வேலைக்கிப் போவேன், நாளு பூரா அதாங்க. ஒரு நாளும் தவறலீங்க."

"எப்பலேர்ந்து?"

"தை மாசம் அவனுக்கு வயித்தால போச்சில்லீங்க, அன்னிலேர்ந்து."

தை மாதம் இந்தப் பையனுக்கு வயிற்றுப்போக்கு என்று இதே நாகம்மா நிலையத்துக்குத் தூக்கி வந்தாள். அலமாரியில் அதற்கான மருந்து தீர்ந்திருந்தது. மாசிக்காயை உரசிக் கொடு, பழம் கீரை வேண்டாம், வாழைக்காய் கொடு, தண்ணீரைக் காய்ச்சிக் கொடு என்று வரிசையாக அதட்டி அனுப்பியவள் நான்தான். மாசிக்காய் துவர்ப்பு, வயிற்றைக் கட்டும். இரண்டு மூன்று நாளைக்கு மேல் கொடுக்கவே கூடாது. அவள் இரண்டு மாதத்துக்கும் மேலாக வேளை தவறாமல் கொடுத்திருக்கிறாள். பங்குனி வெயிலில் ஒரு டம்ளர் தண்ணீரோடு ஒரு குழந்தை. ஆரம்பி என்று சொன்ன நான், நிறுத்து என்று சொல்லவேயில்லை.

சென்னம்மா இதையெல்லாம் காதில் வாங்கவில்லை. அவருக்கு அவருடைய வழக்கு.

"பாத்துக்கங்க நர்ஸம்மா. மண்ணு செமக்கறேன்னு புள்ளயத் தனியாப் போட்டுட்டுப் போயிடறா. தாயிக்கி அக்கற இருந்தா புள்ளைக்கி ஏன் இப்பிடி ஆவுது?"

நாகம்மா தலையைக் குனிந்துகொண்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. ஆமாம், திறக்கவில்லை. இந்த வீட்டில் மாத்திரையைத் தடுக்க என் கையில் இருப்பது என் பேச்சுக்கு இருக்கும் மதிப்பு ஒன்றுதான், தப்பு என்னுடையது என்று சொன்னால் அதுவும் போய்விடும், பிள்ளைக்காகத்தான் சும்மா இருக்கிறேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதில் பாதி உண்மை. மீதிப் பாதி, என் பெயர் கெட்டுவிடும் என்ற பயம். அந்தப் பெண் வாங்கிய திட்டெல்லாம் எனக்கு வர வேண்டியவை. இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

"நாளைக்கி வெடியற வரைக்கும் எங்கையில விடுங்க," என்றேன்.

"வெடிஞ்சா மாத்திரதான்," என்றார் சென்னம்மா. "அதுக்கு மேல பொறுக்க மாட்டேன்."

பாருங்கள், ஒரு பகல்தான் கணக்கு. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினேன். கிருஷ்ணப்பாவை விரட்டி, பக்கத்துத் தோட்டத்தில் கனிந்த பப்பாளி ஒன்றும், கேம்ப் கடையில் ஒரு கை காய்ந்த திராட்சையும் வாங்கி வரச் சொன்னேன். திராட்சையைக் காய்ச்சிய தண்ணீரில் ஊறப் போட்டுப் பிசைந்து வடிகட்டினேன். பானை நிறையத் தண்ணீர் காய வைத்தேன். பையன் டம்ளரைக் கண்டாலே முகத்தைத் திருப்பினான். சரி என்று நான் ஒரு வாய் குடித்தேன், அவன் அப்பாவுக்கு ஒரு வாய் கொடுத்தேன், நாகம்மாவுக்கு ஒரு வாய் கொடுத்தேன், அவனுக்கு மட்டும் கிடையாது என்று டம்ளரை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். ரோஷம் வந்துவிட்டது துரைக்கு. பிடுங்கிக் குடித்தான். பகல் முழுக்க இதே நாடகம். எங்கள் மூன்று பேருக்கும் வயிறு உப்பிப்போனது.

மதியம், மண் சுமக்கிற இரும்புச் சட்டியைத் தேய்த்துக் கழுவி, வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி அவனை அதில் உட்கார வைத்தேன். வெந்நீர் பட்டதும் பின்னியிருந்த கால் தானாகப் பிரிந்தது. குடிசைக்கு எதிரே கல் லாரி ஒன்று மேட்டில் முக்கி முனகி ஏறியது. பையன் அதைப் பார்த்து உதட்டைக் குவித்து "டுர்ர்ர்" என்றான். அவன் "டுர்ர்ர்" என்று ஊதும்போதெல்லாம் தண்ணீரில் குமிழி வந்தது. நான் கவனித்துவிட்டேன். ஊதுகிற நேரத்தில் அவனால் கீழே இறுக்கிப் பிடிக்க முடியவில்லை. எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. அப்புறம் வயிற்றில் விளக்கெண்ணெய் தடவி, வலப்பக்கத்திலிருந்து மேலேறி இடப்பக்கம் இறங்குகிற மாதிரி மெல்லத் தேய்த்துவிட்டேன். வெடிப்பில் வெளியே மட்டும் எண்ணெய் தொட்டு வைத்தேன். இரவு பப்பாளியும், நீர்க்கக் காய்ச்சிய கேழ்வரகுக் கூழும் கொடுக்க வைத்தேன். பட்டினி போடக் கூடாது என்று சென்னம்மாவோடு சண்டையே போட்டேன். ஆனால் இருட்டும் வரை ஒன்றும் வரவில்லை. நாகம்மா காலை நீட்டி அவனைத் தன் பாதங்களில் உட்கார வைத்தபோதெல்லாம் வில்லாக வளைந்து அலறினான்.

அன்றிரவு தூங்கினேன் என்று சொன்னால் பொய். கிழக்கு வெளுக்கும்போதே அங்கே போய் நின்றேன். பையன் எழுந்து சிணுங்கிக்கொண்டிருந்தான். அடுப்பு எரிந்தது. சென்னம்மா கிண்ணத்தில் தேன் எடுத்து வைத்துக்கொண்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"வெடிஞ்சிருச்சு நர்ஸம்மா," என்றார். "இவ கையில புள்ள இனி தேறாது. ஒழுங்காப் பாத்திருந்தா இந்த மாத்திரைக்கே வேல இல்ல."

நாகம்மா பையனை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் என் மேல் துளிக் கோபம் இல்லை. நம்பிக்கைதான் இருந்தது. அதுதான் என்னைக் கொன்றது.

"அக்கா, நாகம்மா மேல தப்பில்ல," என்றேன். "தப்பு என்னுது. தை மாசத்துல மாசிக்காய் குடு, பழம் குடுக்காதன்னு சொன்னது நானு. வயித்தால போறது நின்னதும் நிறுத்திடுன்னு சொல்ல மறந்துட்டேன். அவ நாஞ்சொன்னத ஒரு சொட்டுக் கொறையாமச் செஞ்சிருக்கா. அதனாலதான் பையனுக்கு இப்பிடி."

சென்னம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நேத்து பூரா இங்கதான இருந்த. ஏன் சொல்லல?"

மரியாதை போய்விட்டது, கவனித்தீர்களா. எனக்கு அது உறைக்கவில்லை.

"பயந்துட்டேங்க்கா. சொன்னா எம் பேச்சக் கேக்காம மாத்திரயக் குடுத்துடுவீங்கன்னு பயம். எம் பேரு கெட்டுப் போயிடும்னும் பயம். மாத்திர மட்டும் வேணாங்க்கா. இவ்வளவு சின்ன ஒடம்பு தாங்காது."

சென்னம்மா மாத்திரையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எனக்கும் ஒண்ணு இருந்துச்சு. இவன் வயசுதான். வயிறு வீங்கியே போயிருச்சு. மருந்து குடுத்தவனுங்க எல்லாரும், தாயி கண்டதத் தின்னு பாலு குடுத்தா, அதான் போச்சுன்னாங்க. நாங் குடுத்த மருந்து தப்புன்னு அவனுங்கள்ல ஒருத்தன் வாயில வரல."

மாத்திரையை அடுப்புக்குள் போட்டார். தரையில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டினார்.

"குடு அவன இங்க. என்ன பண்ணணும்னு சொல்லு."

வெதுவெதுப்பான திராட்சைத் தண்ணீரைக் குடிக்க வைத்தேன். காலையில் வயிற்றில் சூடாக ஏதாவது இறங்கினால் குடலும் விழித்துக்கொள்ளும், அதுதான் நல்ல நேரம். கொஞ்சம் பொறுத்து, எண்ணெய் தொட்டு வைத்து, பையனைச் சென்னம்மாவின் பாதங்களில் உட்கார வைத்தேன். விறைத்தான். முகம் சிவந்தது. காலைப் பின்னப் பார்த்தான்.

"கிருஷ்ணப்பா, லாரி ஓட்டுங்க," என்றேன்.

மனுஷன் ஒரு கணம் முழித்தார், அப்புறம் புரிந்துகொண்டார். ஆறடி ஆள் குடிசைக்குள் குனிந்தபடி ஸ்டியரிங் பிடித்து "டுர்ர்ர்" என்று மேடு ஏறினார். நாகம்மாவும் சேர்ந்தாள். நான் ஹாரன் அடித்தேன். சென்னம்மா அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி அவரும் "டுர்ர்ர்" என்றார். திம்மராயன் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். அழுகையும் சிரிப்புமாக உதட்டைக் குவித்து ஊதினான். ஊதினான், ஊதினான். லாரி பாதி மேட்டில் நின்றது. அவன் கண் விரிந்தது. பிறகு பொத்தென்று ஒரு சத்தம்.

முதலில் ஆட்டுப் புழுக்கை போலக் கறுத்து இறுகிய உருண்டைகள். அதற்குப் பின்னால் மூன்று நாள் சரக்கு. அதற்கும் பின்னால் மீதி. சென்னம்மாவின் கால், பாய், என் வெள்ளைப் புடவையின் ஓரம், எதுவும் தப்பவில்லை. நான் எழுந்து நின்று கை தட்டினேன், குதித்தேன். கிருஷ்ணப்பா வெளியே ஓடி, "போயிட்டான், எம் பையன் போயிட்டான்" என்று கத்தினார். பக்கத்துக் குடிசைக்காரர்கள் என்னவோ ஏதோ என்று அலறியடித்துக்கொண்டு வந்து, விஷயம் தெரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சென்னம்மா மட்டும் அசிங்கமான காலை இழுத்துக்கொள்ளாமல் அப்படியே உட்கார்ந்து, பையன் தலையைத் தடவிக்கொண்டே அழுதார். திம்மராயனுக்கு ஒரே ஆச்சரியம். வலிக்கவில்லையே என்று திரும்பித் திரும்பிக் கீழே பார்த்தான்.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. புடவையை அலசிக்கொண்டே நாகம்மாவுக்கு மளமளவென்று சொல்லித் தள்ளினேன். மாசிக்காயை இன்றோடு தூக்கிப் போடு. தினமும் திராட்சைத் தண்ணீர், பப்பாளி, கீரை கடைந்து சோற்றோடு. தண்ணீரைப் பானை நிறையக் காய்ச்சி வை, வேலைக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போ, மணிக்கு ஒரு தரம் ஒரு வாயாவது கொடுக்கட்டும். காலையில் சூடாகக் குடிக்க வைத்து, காலில் உட்கார வை. வரவில்லையென்றால் திட்டாதே, எடுத்துவிடு. புண்ணுக்கு வெளியே எண்ணெய் தொட்டு வை. அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ராணி மாதிரி நடந்தேன்.

ரோட்டுக்கு வந்திருப்பேன். பின்னால் ஓடி வரும் சத்தம் கேட்டது. நாகம்மா. மூச்சு வாங்க வந்து என் முன்னால் நின்றாள். அவள் என்னிடம் கேள்வி என்று ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"நர்ஸம்மா, கோவிச்சுக்காதீங்க. திராட்சத் தண்ணி குடுக்கறதும் எண்ணெ வெக்கறதும் எந்த நாளு வரைக்குங்க? எப்ப நிறுத்தணும்?"

எனக்கு அந்த யோசனையே வந்திருக்கவில்லை, பிள்ளைகளா. பையைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, ரோட்டோரத்திலேயே அவளோடு உட்கார்ந்தேன்.